இடக்கைப் பக்கத்து வெளிச்சம்

ஒக்ரோபர் 3, வெள்ளி

முருகா துணை.

நேற்றுத்தான் விஜயதசமி முடிஞ்சுது. கோயிலுக்குக் கடலை அவிச்சுக் குடுத்த களை இன்னும் இடுப்பை விட்டுப் போகேல்லை. அதுக்குள்ளை இண்டைக்கு மத்தியானம் அண்ணையின்ரை மோட்டச்சைக்கிள் சுவிசிலையிருந்து லண்டனுக்கு வந்து இறங்கியிட்டுது. அண்ணை போன கிழமையே பிளேனிலை வந்திட்டார். அவருக்கு ஒரு சின்னப் பை. மோட்டச்சைக்கிளுக்குத்தான் மரப்பெட்டி, மெத்தை, கயிறு, பொலித்தீன் எல்லாம். கலியாணப் பொம்பிளையைக் கொண்டந்து இறக்கின மாதிரி வான் வண்டியிலையிருந்து இறக்கினாங்கள்.

கராஜுக்குள்ளை நான் அன்னதானத்துக்கெண்டு வாங்கி அடுக்கியிருந்த அரிசி மூட்டையெல்லாத்தையும் என்ரை மனிசன் இவர் தூக்கி வீட்டு நடையிலை வைச்சிட்டார். இனி வீட்டுக்குள்ளை நண்டு மாதிரிப் பக்கவாட்டிலைதான் நடக்க வேணும். "முருகன்ரை அரிசியை வெளியிலை போட்டிட்டு இரும்பைக் குடியேத்திறியள்" எண்டன். "முருகனும் வாகனம் வைச்சிருக்கிறவர்தானே" எண்டார். இந்த மனிசனோடை கதைச்சு நான் எந்தக் காலத்திலை வெண்டனான்?

அண்ணை மாசியிலை தலைக்குள்ளை ரத்தம் கட்டி ஆஸ்பத்திரியிலை கிடந்தவர். அது கரைஞ்சிட்டுது, இப்ப ஒண்டுமில்லை எண்டுறார். கை கால் நல்லா ஏலும். அண்ணி செத்த பிறகு மகள் சாருகாவோடை பேர்ண் நகரத்திலை இருந்தவர். "சோபாவிலை இருந்து ரீவி பாத்தே செத்துப்போவன் போலை இருந்துது பிள்ளை" எண்டார். மோட்டச்சைக்கிள் இஞ்சை பதிஞ்சு வந்தால் சாப்பாட்டுக் கடையளுக்கு டெலிவரி ஓடுவாராம், ஒருத்தருக்கும் பாரமா இருக்க மாட்டாராம். "முதல் ஓட்டம் உன்னை ஏத்திக்கொண்டு கோயிலுக்கு" எண்டார். அறுபத்தொரு வயசு. கண் ரெண்டும் பெடியன்ரை கண் மாதிரி மின்னுது.

பதியிறதுக்கு ரெண்டு விசயம் மாத்த வேணுமாம். ஒண்டு, வேகம் காட்டுற மீற்றர் கிலோமீற்றரிலை கிடக்கு, இஞ்சை மைலிலை காட்ட வேணும். மற்றது லைற். சுவிசிலை றோட்டின்ரை வலக்கைப் பக்கம் ஓடுறவை. அதாலை லைற் வெளிச்சத்தின்ரை மேல்கோடு நேராப் போய் வலக்கைக் கரையிலை மட்டும் மேலை ஏறுமாம், நடைபாதையிலை போற ஆக்களைக் காட்ட. இஞ்சை இடக்கைப் பக்கம் ஓடுறது. அந்த லைற்றோடை ஓடினால் எதிரிலை வாறவன்ரை கண்ணுக்குள்ளை அடிக்கும். இடக்கைப் பக்கம் ஏறுற லைற் பூட்டோணும்.

ரெண்டும் மாத்தி ரெஸ்ற்றிலை பாஸாகினால்தான் நம்பர் குடுப்பாங்களாம். இது பாஸாகோணும் எண்டு நேந்திட்டன். இந்த முறை கந்தசஷ்டி விரதம் முழுக்கப் பாலும் பழமும்தான். வேறை ஒண்டும் வாயிலை வைக்கிறேல்லை.

ஒக்ரோபர் 6, திங்கள்

என்ரை கறி அண்ணைக்குப் பிடிக்கேல்லைப் போலை. சோறு, பருப்பு, மரக்கறி எல்லாம் சுத்திவரப் போட்டுக் குடுத்தால் சோத்துக் கோப்பையிலை அரைவாசி அப்பிடியே கிடக்கு. நேற்று வெண்டிக்காய், இண்டைக்குக் கத்தரிக்காய்ப் பால்கறி. தொட்டும் பாக்கேல்லை. "வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லுங்கோ அண்ணை, நான் பள்ளிக்கூடக் கன்ரீனிலையும் அவிச்சு வீட்டையும் வந்து அவிக்கிறன்" எண்டன். "என்னத்தை வேண்டாமெண்டனான்? எல்லாம் துடைச்சுத்தானே சாப்பிட்டனான்" எண்டு கோப்பையைக் கொண்டுபோய் வைச்சார். கத்தரிக்காய் அதிலை கிடந்து என்னைப் பாக்குது.

கோவம் வந்துது. சாமிக்குக் கற்பூரம் காட்டினாப் பிறகும் போகேல்லை.

ஒக்ரோபர் 9, வியாழன்

மழை. முழங்கால் நோ. எழுத ஒண்டுமில்லை.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

மைல் மீற்றர் வாங்கினால் காசு கூடவாம், பழைய முகத்துக்கு மேலை தானே ஒரு முகம் கீறி ஒட்டுறன் எண்டு அண்ணை காலமை தொடங்கினார். வட்டமா வெள்ளை மட்டை வெட்டினார். எவ்வளவு வடிவான எழுத்து அவற்றை. பத்து, இருவது, முப்பது எண்டு சின்னச் சின்னனா எழுதிக்கொண்டு போனார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்ப் பாத்தால் எல்லா நம்பரும் வட்டத்தின்ரை வலக்கைப் பக்கத்திலை ஒண்டுக்கு மேலை ஒண்டு ஏறி நிக்குது. சீட்டில்லாத பஸ்ஸிலை சனம் நிக்கிற மாதிரி. மற்றப் பக்கம் வெறும் மட்டை.

"என்னண்ணை, இந்தப் பக்கத்தை ஆருக்கு விட்டு வைச்சிருக்கிறியள்?" எண்டு சிரிச்சன்.

"எந்தப் பக்கத்தை?"

"இந்தா, இந்தப் பக்கம்." விரலாலை தொட்டுக் காட்டினன்.

தலையை நல்லாத் திருப்பி அந்த இடத்தைப் பாத்தார். கொஞ்ச நேரம் பாத்தார். பேந்து மட்டையைக் கிழிச்சுக் குப்பைக்குள்ளை போட்டிட்டு, "வெளிச்சம் காணாது இந்த அறையிலை" எண்டார்.

யன்னல் முழுக்க வெயில். லண்டனிலை உப்பிடி ஒரு வெயில் இந்த மாசத்திலை ஆரும் கண்டிருக்க மாட்டினம்.

ஒக்ரோபர் 14, செவ்வாய்

இவர் ஒரு கதையும் இல்லாமல் கொம்பியூட்டரிலை மைல் முகம் ஒண்டு ஓடர் பண்ணிப் போட்டார். லைற்றும் வருகுதாம்.

ஒக்ரோபர் 17, வெள்ளி

அண்ணை நடையிலை அரிசி மூட்டையிலை மோதி, மூட்டை கிழிஞ்சு முருகன்ரை அரிசி முழுக்க நிலத்திலை. "வழியிலை மூட்டையை வைச்சால் மனிசன் என்னெண்டு நடக்கிறது!" எண்டு என்னிலை பாயிறார். நான் குந்தியிருந்து அள்ளினன். மூட்டை இவ்வளவு நாளும் அதே இடத்திலைதான் கிடந்தது. அவற்றை இடத்தோளிலை ஒரு கண்டலும் கிடக்கு, கேட்டால் கராஜ் கதவிலை இடிச்சதாம்.

பின்னேரம் கோவம் ஆறினாப் பிறகு தானே வந்து கதைச்சார். "இஞ்சை ஓடுறது எனக்கு நல்லது பிள்ளை. எதிரிலை வாறதெல்லாம் வலக்கைப் பக்கத்தாலைதான் வரும். சுவிசிலை இடக்கைப் பக்கத்தாலை வாறது கரைச்சல்."

ஏன் கரைச்சல் எண்டு நான் கேக்கேல்லை. அரிசி அள்ளின இடுப்பு நோவிலை கேக்கத் தோணேல்லை எண்டு வைப்பம்.

ஒக்ரோபர் 21, செவ்வாய்

இண்டைக்கு மோட்டச்சைக்கிளுக்கு ரெஸ்ற். பெயில். பழி என்ரை தலையிலை.

நேற்றுத் தீபாவளி எண்டதாலை நான் விடியக் குளிச்சிட்டு மோட்டச்சைக்கிளுக்கும் பூசை செய்தனான். வாகனம் எண்டால் செய்யத்தானே வேணும். சில்லுக்கு முன்னாலை தேசிக்காய், கைபிடிக்குச் செவ்வந்தி மாலை, நெத்தி எண்டு பாத்தால் லைற்தானே இருக்கு, அதின்ரை கண்ணாடியிலை சந்தனம் தடிப்பாப் பூசி நடுவிலை குங்குமமும் வைச்சன். இண்டைக்கு வான் வண்டியிலை ஏத்திக்கொண்டு போனால் செக் பண்ணுற பெடியன், மாரெக் எண்டு போலந்துக்காரன், லைற்றைப் போட்டு, வெளிச்சம் சரிபாக்கிற பெட்டிக்குள்ளாலை பாத்திட்டு உள்ளை போய் மற்றவனையும் கூட்டிக்கொண்டு வந்தான். வெளிச்சத்தின்ரை நடுவிலை கறுப்பா ஒரு பொட்டு. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்கள்.

அண்ணைக்கு ஜேர்மன் பாசை தண்ணி பட்ட பாடு, இங்கிலீஸ் வராது. அதாலை நான்தான் நடுவிலை நிண்டு சொல்லோணும். என்ரை இங்கிலீஸ் கன்ரீன் இங்கிலீஸ். சந்தனத்தைத் துடைச்சாப் பிறகும் அண்ணை பூட்டின புது லைற் சரியில்லையாம், உயர அடிக்குதாம், திருத்திக்கொண்டு வரட்டாம்.

"எல்லாம் உன்ரை சந்தனத்தாலை" எண்டார் அண்ணை. வீடு வருமட்டும் அதுதான். "கண்ணாடியிலை போய்ச் சந்தனம் அப்புவாளே ஒருத்தி!" இவர் வானை ஓட்டிக்கொண்டு, "நல்ல காலம், தேங்காயை அதிலை உடைக்கேல்லை" எண்டார்.

நாளைக்கு விரதம் தொடங்குது.

ஒக்ரோபர் 24, வெள்ளி

பால், வாழைப்பழம். தலை சுத்துது. கன்ரீனிலை சோசேஜ் பொரிக்கேக்கை மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். முருகா.

பின்னேரம் இருட்டினாப்போலை அண்ணை மோட்டச்சைக்கிளைப் பின் ஒழுங்கையிலை நிப்பாட்டி, முன்வீட்டுக் கராஜ் சுவரிலை லைற்றை அடிச்சுப் பாத்தார். என்னையும் கூப்பிட்டார், மோட்டச்சைக்கிளை நிமித்திப் பிடிக்க.

"பிழையான சாமான் அனுப்பிப் போட்டாங்கள்" எண்டார். "பார், கோடு நேரா வந்து அப்பிடியே நிக்குது. ஏறவே இல்லை."

நான் சுவரைப் பாத்தன். கோடு நேரா வந்து இடக்கைப் பக்கம் மேலை ஏறுது. சுவரிலை சாய்வா ஒரு படி வைச்ச மாதிரி, வெள்ளையா, துலாம்பரமா.

"அந்தா ஏறுதே அண்ணை."

"எங்கை?"

"அந்தா, அந்தக் கரையிலை."

"யோகம், நீ பசிமயக்கத்திலை கதைக்கிறாய். உள்ளை போய்ப் பாலைக் குடி."

நானும் கண்ணைக் கசக்கிப் பாத்தன். விரதத்திலை கண் பூஞ்சு போச்சோ எண்டும் நினைச்சன். பிறகும் ஏறித்தான் நிண்டுது. அந்தச் சாய்வுக்கு நேரை ஒரு பூனை இருந்துது, வெளிச்சத்திலை கண் ரெண்டும் பச்சையா. "பூனை நிக்குது, பாருங்கோ" எண்டன்.

"என்ன பூனை?" எண்டார் அண்ணை.

லைற்றைக் கழட்டித் திருப்பி அனுப்பப் போறாராம்.

ஒக்ரோபர் 25, சனி

மத்தியானம் அண்ணை சாப்பிட்டு முடிச்சுக் கையை நக்கினார். வழமை போலை அரைவாசி கிடந்துது. நான் கோப்பையைப் பிடிச்சு மற்றப் பக்கமாத் திருப்பி வைச்சன்.

"ஓ, பூசணிக்காயும் வைச்சனியே? சொல்லவே இல்லை" எண்டிட்டு மிச்சத்தை முழுக்கச் சாப்பிட்டார். நல்லா இருக்கு எண்டார்.

எனக்கு நித்திரை வருகுது.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பியாச்சு. இனி ஐஞ்சு மணிக்கே இருட்டு.

சாருகா போன் எடுத்தவள். "மாமி, அப்பா உங்கை மோட்டச்சைக்கிள் ஓடுறாரோ?"

"இல்லைப் பிள்ளை, கராஜுக்கை நிக்குது." பொய் இல்லை.

"கண் ரெஸ்ற் ஒண்டு செய்ய வேணுமெண்டு டொக்ரர் ரெண்டு தரம் வரச்சொன்னவர் மாமி. போக மாட்டன் எண்டு நிண்டு, அந்தக் கிழமைதான் உங்கை வெளிக்கிட்டவர். நான் கத்திப்போட்டன். அண்டையிலையிருந்து என்னோடை கதைக்கிறேல்லை."

"நான் பாத்துக்கொள்ளுறன்" எண்டன். என்னத்தைப் பாத்துக்கொள்ளுறது எண்டு அவளும் கேக்கேல்லை.

ஒக்ரோபர் 27, திங்கள்

சூரன் போர். கோயிலுக்குள்ளை கால் வைக்க இடமில்லை. சூரன்ரை தலை விழேக்கை எல்லாரும் அரோகரா எண்டு கத்தினவை. நானும் கத்தினனான். இவ்வளவு நாளும் பட்டினி கிடந்து கேட்டது ஒண்டு. இண்டைக்குக் கைகூப்பி நிக்கேக்கை வாயிலை வந்தது வேறை.

முருகா, நான் கேட்டதைக் குடுத்திடாதை.

ஐயர் விபூதி தரேக்கை, "என்னம்மா, நேர்த்தி நிறைவேறிட்டுதோ?" எண்டார். தலையை ஆட்டினன். எந்தப் பக்கம் ஆட்டினன் எண்டு எனக்கே தெரியாது.

ஒக்ரோபர் 30, வியாழன்

புது லைற் வந்துது. அதே சாமான்தான். பின்னேரம் திரும்ப ஒழுங்கை, திரும்பச் சுவர். அண்ணை கனநேரம் குனிஞ்சு நிண்டு பாத்தார். குளிர் எலும்புக்குள்ளாலை போகுது. பிறகு என்னைப் பாக்காமலே சொன்னார், "நீ நிண்டு சொல்லு, நான் ஆணியைத் திருகிறன்."

"கீழை... இன்னும் கீழை... காணும். இப்ப இடக்கைப் பக்கம் கொஞ்சம்... கூடிப் போச்சு." அப்பிடியே சொல்லிச் சொல்லிச் சரியாக்கினம். பிழையாச் சொல்லியிருந்தால் திரும்பவும் பெயில் ஆகியிருக்கும். நினைச்சனான்தான். ஆனால் பிழையான லைற் எதிரிலை வாறவன்ரை கண்ணிலை அடிக்கும் எண்டு அண்ணைதானே சொன்னவர். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

நவம்பர் 4, செவ்வாய்

பாஸ்.

மாரெக் மீற்றரைப் பாத்தான், மைல் சரியாம். லைற்றைப் பாத்தான், "பியூட்டிபுல்" எண்டான். அண்ணை அவன்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினார். திரும்பி வரேக்கை இடக்கைப் பக்கம் நிண்ட ரயர் அடுக்கிலை நேரை போய் மோதினார். மேலை இருந்த ரயர் உருண்டு வாசல் மட்டும் போச்சுது. மாரெக் சிரிக்கேல்லை. என்னட்டை மெதுவாக் கேட்டான், உங்கடை அண்ணைக்கு அந்தப் பக்கம் தெரியுதோ எண்டு.

"என்னவாம் சொல்லுறான்?" எண்டார் அண்ணை.

"லைற் நல்லா இருக்காம்" எண்டன்.

மாரெக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டே நிண்டான். வெக்கமாப் போச்சு.

நவம்பர் 5, புதன்

"இஞ்சரும், உம்மடை அண்ணைக்கு ஒரு பக்கம் கண் தெரியேல்லை" எண்டார் இவர். நான் சட்டி கழுவிக்கொண்டு நிண்டனான்.

"தெரியும்."

"எப்பயிலையிருந்து தெரியும்?"

"உங்களுக்கு எப்பயிலையிருந்து?"

இவர் துவாயை எடுத்துச் சட்டியைத் துடைச்சார். வெளியிலை ஆரோ வாணம் விடுறாங்கள், டமார் டமார் எண்டு.

"நீர் சொல்லும்."

"நீங்கள் சொல்லுங்கோ. ஆம்பிளைக்கு ஆம்பிளை."

"மச்சான் நான் சொன்னால் கேப்பாரே? பெட்டியைக் கட்டிக்கொண்டு போடுவார். மகளோடை நடந்தது போலை."

"நான் சொன்னால் மட்டும்?"

"ஊர் முழுக்கக் கதைக்கிறீர், இதை ஒண்டைச் சொல்ல ஏலாதே?"

அழுகை வந்துது. சவுக்காரம் கண்ணுக்கை பட்டிட்டுது எண்டன்.

நவம்பர் 12, புதன்

மோட்டச்சைக்கிளுக்கு நம்பர் வந்திட்டுது. இவற்றை பேரிலை. அண்ணை பிளேற்றைத் துடைச்சுத் துடைச்சுப் பூட்டினார். விசிலடிக்கிறார்.

சொல்லேல்லை.

நவம்பர் 15, சனி

இண்டைக்கு எழுத்து வடிவா வராது.

காலமை அண்ணை சுவிஸ் ஜக்கெற் போட்டு, ஹெல்மெற்றைப் பெற்றோல் ராங்கிக்கு மேலை வைச்சு, மோட்டச்சைக்கிளிலை ஏறி ஒழுங்கையிலை நிண்டார். எனக்கும் ஒரு ஹெல்மெற் வாங்கி வைச்சிருந்தவர். "கொண்டையை அவிட்டிட்டு வா, அது இதுக்குள்ளை போகாது" எண்டு பகிடி. நான் சாமியறையிலை விபூதி எடுத்துக்கொண்டு வந்தன், அவற்றை நெத்தியிலை பூசிப்போட்டு, நீங்கள் போங்கோ, நான் கோயிலுக்குப் பஸ்ஸிலை வாறன் எண்டு ஏதோ ஒண்டு சொல்லுவம் எண்டு. பின்கோடிக் கதவாலை வந்ததாலை அவற்றை இடக்கைப் பக்கத்துக்குத்தான் வந்து சேந்தன். வேணுமெண்டு வரேல்லை. முருகன்மேலை சத்தியமா வேணுமெண்டு வரேல்லை.

அவர் எஞ்சினை ஸ்ராட் பண்ணினார். வலக்கைப் பக்கமாப் பாத்து, "யோகம்!" எண்டு கூப்பிட்டார்.

நான் பக்கத்திலை. விபூதிக் கையை நீட்டினபடி. கை நீட்டினால் அவற்றை கன்னத்திலை படும், அவ்வளவு கிட்ட.

வாய் திறக்க வந்துது. திறக்கேல்லை.

"எங்கை போட்டாள் இவள்? யோகம்! கெதியா வா!" வீட்டுப் பக்கம் பாத்தார், முன்னுக்குப் பாத்தார். நான் மோட்டச்சைக்கிளுக்கு இன்னும் கிட்டவாப் போனன். அவற்றை முழங்கைக்கும் முன்சில்லுக்கும் நடுவிலை. பெற்றோல் மணம் மூக்கிலை ஏறுது. எஞ்சின் சூடு சீலையிலை படுது. நான் மூச்சு விடுறதே எனக்குக் கேக்குது, அவருக்கு எஞ்சின் சத்தத்திலை கேக்கேல்லை.

"வராட்டிப் போ, ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறன்" எண்டார். முன்சில்லை என்ரை பக்கமா ஒடிச்சார். சில்லு உருண்டு என்ரை செருப்பிலை ஏறினது. நான் காலை எடுக்கேல்லை.

"மச்சான்!" இவர் வாசலிலையிருந்து கத்தின கத்திலை பக்கத்து வீட்டு யன்னல் திறந்துது. "மச்சான், நிப்பாட்டுங்கோ! உங்கடை பக்கத்திலைதான் நிக்கிறா!"

பிறேக் பிடிச்சார். தலையை மெல்ல, மெல்ல, தோளுக்கு மேலாலை திருப்பினார். என்னைக் கண்டார். முதல் கை, பிறகு முகம். பேயைக் கண்ட மாதிரிப் பாத்தார்.

"எப்ப வந்தனி?"

"நீங்கள் ஸ்ராட் பண்ணேக்கை."

"கூப்பிட்டனான். ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் காணுவியளோ எண்டு பாத்தனான் அண்ணை."

எஞ்சினை நிப்பாட்டினார். கீழை என்ரை காலைப் பாத்தார், சில்லைப் பாத்தார். சில்லைப் பின்னுக்கு எடுக்க ரெண்டு கையாலையும் தள்ளினார், இவரும் ஓடி வந்து பிடிச்சார். பெருவிரல் வீங்கியிருக்கு, முறியேல்லை.

"அந்தப் பக்கம் வெறுமையா இருக்கு எண்டும் தெரியாது பிள்ளை" எண்டார் அண்ணை. "ஒண்டும் குறையிற மாதிரி இல்லை. அதுதான்... எல்லாம் இருக்கிற மாதிரித்தான் இருக்கும்."

மோட்டச்சைக்கிள் திறப்பைக் கழட்டி இவற்றை கையிலை குடுத்தார். நான் கையிலை இருந்த விபூதியை அவற்றை நெத்தியிலை பூசினன். வேர்வையிலை எல்லாம் கரைஞ்சு போச்சு.

அண்ணையும் நானும் பிறகு சாப்பிடேல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கண் டொக்ரரிட்டைப் போனம். சாருகாவுக்கு அண்ணை தானே போன் எடுத்துச் சொன்னவர். அரைமணித்தியாலம் கதைச்சவர், முக்காவாசி நேரம் சும்மா போனைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவர்.

பஸ் தரிப்புக்கு நடக்கிறது ஒரு பெரிய வேலை. என்ரை வீங்கின விரல், அவற்றை மெதுநடை. கிழவன் கிழவி மாதிரி. நான் அவற்றை இடக்கைப் பக்கமா நடந்தன். பள்ளிக்கூடம் விடுற நேரம், நடைபாதை முழுக்கப் பிள்ளையள்.

பெரிய றோட்டுச் சந்திக்கு வரேக்கை அண்ணை நிண்டார். நேரைப் பாத்தபடி கேட்டார்.

"அங்காலை என்ன வருகுது?"

"ஒரு பெடிச்சி அண்ணை. சின்ன ஸ்கூட்டரிலை. சிவப்புத் தொப்பி. தாய் பின்னாலை ஓடி வாறா."

"போயிட்டுதோ?"

"இல்லை, நில்லுங்கோ. இன்னும் வருகுது."

நிண்டார்.